நாலு போல்ட்டு ஏறிட்டா அதுக்குப் பேரு ஃபிட்டிங் இல்ல சாமி!

மக்களே, நம்ம கிளாஸ்ல ஒரு வியாதி பரவிக்கிட்டு இருக்கு. அப்பாவோட காரை எடுத்துட்டுப் போய் பெரிய அலாய் வீலும் டயரும் மாட்டிட்டு வர்றது. 'இது ஃபிட் ஆகுமாண்ணே?'ன்னு கேட்டா கடையில ஒரே பதில்தான்: "ஜம்முனு உக்காரும் தம்பி!" அந்த ஒரு வார்த்தையை நம்பி ஆயிரக்கணக்குல எண்ணி வைக்கிறோமே, அதைப் பத்திதான் இந்தப் புலம்பல்.

ஜாக்கில தூக்கி நிக்கிற வண்டியில எந்த டயரும் உக்காரும். அஞ்சு பேர் ஏறி, டிக்கியில பையை அடைச்சு, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு, குழியில இறங்கும்போதும் உரசாம இருக்கணும். அதுதாங்க ஃபிட்டிங்.

பெரிய வீலே கூடாதுன்னு சொல்ல வரலை. கம்பெனிக்காரனே மாட்டுறான். 2018ல வந்த மாருதி ஸ்விஃப்ட்டுல கீழ் வேரியண்ட்டுக்கு 165/80 ஆர்14, மேல் வேரியண்ட்டுக்கு 185/65 ஆர்15. இப்பக் கணக்குப் போடுங்க. 165ல 80 சதவீதம், அதாவது 132 மி.மீ., பக்கச்சுவர் உயரம். அதோட ரெண்டு மடங்கையும் 14 இஞ்ச் ரிம்மையும் (ஒரு இஞ்ச் 25.4 மி.மீ.) கூட்டினா மொத்த விட்டம் 619.6. ரெண்டாவது டயருக்கு 621.5. ரிம் ஒரு இஞ்ச் வளர்ந்துச்சு, டயர் 2 மி.மீ. கூட வளரலை! சூட்சுமமே இதுதான். 195/55 ஆர்16 போட்டாலும் 620.9தான் வரும். ஆனா 'கெத்தா இருக்கும்'னு 205/60 ஆர்16 போட்டா 652.4. 15 இஞ்ச் டயரை விட 5 சதவீதம் அதிகம். அதுல சரியா 80 காட்டிக்கிட்டிருந்த ஸ்பீடோமீட்டர், இப்ப 80 காட்டும்போது வண்டி 84ல போகும்.

விட்டம் சரியா இருந்தா மட்டும் போதாது, ஆஃப்செட்டும் பாக்கணும். இதைக் கடையில யாரும் வாயே திறக்க மாட்டாங்க. 5.5 இஞ்ச் அகல ரிம், ஆஃப்செட் 45ன்னு வச்சுக்கங்க. அதைக் கழட்டிட்டு 7 இஞ்ச், ஆஃப்செட் 35 மாட்டினா, வீல் வெளிப்பக்கம் 29 மி.மீ. தள்ளி நிக்கும், உள்பக்கம் சஸ்பென்ஷனை நோக்கி 9 மி.மீ. நகரும். 'உரசுதுண்ணே'ன்னு திரும்பிப் போனா மட்கார்டு ஓரத்தை மடிச்சு விடுறாங்க. செருப்பு பத்தலைன்னு காலை வெட்டுற கதை!

அப்புறம் லோடு இண்டெக்ஸ். டயர்ல சைஸுக்குப் பக்கத்துல 88ன்னு இருந்தா அந்த டயர் 560 கிலோ தாங்கும், 82ன்னா 475தான். கம்பெனி கொடுத்த நம்பருக்குக் கீழ போகவே கூடாது.

'என் வண்டி, என் காசு, உனக்கென்ன?'ன்னு கேப்பீங்க. லீவுக்கு ஊருக்குப் போறப்ப பின்சீட்ல மூணு பேரா நெருக்கி உக்கார்றது நாங்கதானே ராசா? வளைவுல டயர் உரசிக் கிழிஞ்சா அது உன் காசோட முடியுற விஷயமா?

அதனால காசு கொடுக்குறதுக்கு முன்னாடி விட்டம், ரிம் அகலம், ஆஃப்செட், லோடு இண்டெக்ஸ் நாலையும் பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. ஆள் ஏத்தி, ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு ஓட்டிப் பாருங்க. இதுக்கு ஒத்துக்காத கடைக்காரர்கிட்ட நீங்களும் ஜம்முனு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. :-)