நிற்பது எந்தக் கணக்கில் வரும்?

என் அக்கா மத்தூரில் விடிகாலை கம்பெனி பஸ் ஏறுகிறவள். ஷூ கம்பெனியில் வேலை. எட்டு மணி நேர ஷிப்ட், முழுக்க நின்றபடி.

நான் உடற்கல்வி ஆசிரியர். பி.டி. மாஸ்டர் என்றால்தான் எங்கள் பக்கம் புரியும். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். எங்கள் காலனியிலிருந்து இந்தப் படிப்புக்குப் போன முதல் ஆள்.

உலக சுகாதார நிறுவனத்தின் உடலியக்கக் கேள்விப் படிவம் ஒன்று உண்டு. 16 கேள்விகள். வேலை, போக்குவரத்து, ஓய்வுநேரம், உட்கார்ந்திருக்கும் நேரம் என்று கேட்கும். சரிபார்க்க முதலில் அக்காவிடம்தான் கொண்டுபோனேன்.

"கம்பெனி வேலையில் தொடர்ந்து பத்து நிமிஷமாவது மூச்சு வாங்குற மாதிரி இருக்குமா?" "மூச்செல்லாம் வாங்காது. காலுதான் வீங்கும்."

"ஓய்வு நேரத்துல விளையாட்டு, உடற்பயிற்சி?" சிரித்துவிட்டாள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உட்காருவ?" "குந்தறதுக்கு எங்கடா விடறாங்க?"

பஸ்ஸுக்கு நடந்தது கணக்கில் ஏறியது. வீட்டில் தண்ணீர் தூக்கியதும் ஏறியது. எட்டு மணி நேரம் நின்றதை எழுத மட்டும் இடமில்லை. அது உழைப்பிலும் சேராது, உட்கார்ந்ததிலும் சேராது. கால் வீங்குவதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

இதையே ஆய்வாகச் செய்கிறேன் என்றேன். "இது சமூகவியல் தம்பி" என்றார் நெறியாளர். கபடி மாணவர்களுக்கு 12 வாரம் பயிற்சி கொடு, முன்னும் பின்னும் அளந்து எழுது, சீக்கிரம் பட்டம் வரும் என்றார். அக்கறையில்தான் சொன்னார். அப்படிப்பட்ட ஆய்வேடுகளை நானும் படித்திருக்கிறேன். வேகம், தாங்குதிறன், நாடித்துடிப்பு எல்லாம் இருக்கும். அந்தப் பையன்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள், எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பது இருக்காது.

வெளிநாடுகளில் 'தொழில்சார் முனைவர் பட்டம்' என்று ஒரு வகை இருக்கிறது. செவிலியரும் ஆசிரியரும் வேலையை விடாமல், தங்கள் பணியிடத்துச் சிக்கலையே ஆய்வு செய்வார்கள். உடல்நலம், உடலியக்கத் தலைமை என்ற பெயரிலும் அப்படிப் படிக்கிறார்கள். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தொடங்கியது 1920-ல். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் வந்தது 2004-ல். இவ்வளவு நீண்ட மரபு இருந்தும், என்னைப் போன்றவனுக்கு வாய்த்தது பகுதிநேர ஆய்வு மட்டுமே.

'தலைமை' என்ற சொல்லில்தான் நான் தேங்கி நிற்கிறேன். 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்தவர் பல்வங்கர் பாலூ. தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர். அவருடைய பந்துவீச்சு இந்துக்கள் அணிக்கு வேண்டியிருந்தது. ஆனால் அந்த அணியின் கேப்டன் பதவி கடைசிவரை அவருக்குத் தரப்படவில்லை. எங்கள் ஊர் கபடி அணியிலும் ரெய்டு போகிறவன் காலனிப் பையன், கோப்பை வாங்குகிறவன் ஊர்ப் பையன். நூறு வருஷம் கழித்தும்!

2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம், என் அம்மாவுக்கும் வருகிறது. மாத்திரையோடு "தினமும் நடங்க" என்ற அறிவுரையும் வருகிறது. 2023-ல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையும் அறிவித்தார்கள். எங்கள் காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தெருவில் என் தாத்தா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர். உலகத்துக்கே ஷூ தைக்கிற அக்கா, ஷூ போட்டு அங்கே வாக்கிங் போனால் எத்தனை திண்ணைகள் பேசும் என்று எனக்குத் தெரியும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலியக்கம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 150 நிமிடத்தை எந்தத் தெருவில் கழிப்பது என்று ஆராய வேண்டியது உடற்கல்வித் துறை இல்லையா? நம் ஆட்கள் அந்த ஆய்வு நாற்காலிக்குப் போகாதவரை இதை யார் கேட்பார்கள்?

தலைப்பை மாற்றவில்லை. அடுத்த மாதம் ஆய்வுக் குழு முன் நிற்க வேண்டும். படிவத்தின் அடியில் 'நின்ற நேரம்' என்று ஒரு வரிசை சேர்த்து அக்காவிடம் காட்டினேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டதையும் சொன்னேன். பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ டாக்டர் ஆயிட்டா, எங்க லைன்ல நாற்காலி போடுவாங்களா?"