சீட்டை எண்ணாதீங்க, சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காங்களான்னு எண்ணுங்க

1/ "தமிழ்நாட்டுல ஏகப்பட்ட டாக்டர்கள் வந்துட்டாங்க, இனி மெடிக்கல் காலேஜே வேண்டாம்" என்று ஒரு கூட்டம். "மாவட்டத்துக்கு ஒரு காலேஜ் திறந்தாச்சு, வேலை முடிஞ்சது" என்று இன்னொரு கூட்டம். ரெண்டுமே தப்பு. ஏன் என்று இந்த த்ரெட்டில் சொல்றேன். நீளம்தான், பொறுமையா படிங்க.

2/ நான் வெறும் எம்பிபிஎஸ். அரசு மருத்துவமனையில் வேலை, ஊர் சேவூர். ஓபியில் பாதிப் பேர் விவசாயக் குடும்பம், மீதி பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில் ஆட்கள். தமிழ் பேசுறவங்களுக்கு நடுவில் ஒடியா, இந்தி, வங்காளம் பேசுறவங்களும் வரிசையில் நிற்பாங்க. பஞ்சு தூசியில் மூச்சு வாங்குறவங்க, மெஷினில் விரலைக் கொடுத்தவங்க, மூணாவது மாசத்துக்கு அப்புறம் செக்கப்பே வராத கர்ப்பிணிகள். டாக்டர் அதிகமா இருக்காங்களான்னு இந்த வரிசையில் நிற்கிறவங்களைக் கேளுங்க.

3/ முதல்ல அடிப்படைக் கணக்கு. 2014-ல் நாடு முழுக்க எம்பிபிஎஸ் இடங்கள் சுமார் 51 ஆயிரம். 2024-25-ல் சுமார் 1.18 லட்சம். பத்து வருஷத்துல ரெண்டு மடங்குக்கு மேல. இது போதாதுன்னு அஞ்சு வருஷத்துல இன்னும் 75 ஆயிரம் மருத்துவ இடங்கள் என்று 2025 பட்ஜெட்டில் சொல்லிருக்காங்க.

4/ தமிழ்நாட்டுல 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மொத்தம் 1,450 இடங்கள். அதில் ஒண்ணு நம்ம திருப்பூர், 100 இடங்கள். அதுக்கு முன்னாடி பல்லாயிரம் கோடிக்கு ஏற்றுமதி பண்ற ஊருக்கு சொந்தமா ஒரு மருத்துவக் கல்லூரி கிடையாது. சீரியஸ் கேஸ்னா கோயம்புத்தூருக்கு ஆம்புலன்ஸ். அதனால அந்தக் கல்லூரி வந்ததை நான் கொண்டாடுறேன். இதுல எனக்கு ஆனா, ஆவன்னா எதுவும் இல்லை.

5/ இப்ப முதல் கூட்டத்துக்கு வரேன். 2023 ஆகஸ்ட்டில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு விதி கொண்டு வந்தது. ஒரு மாநிலத்தில் 10 லட்சம் மக்களுக்கு 100 எம்பிபிஎஸ் இடங்கள்தான், அதுக்கு மேல போனா புது கல்லூரியும் கிடையாது, கூடுதல் இடமும் கிடையாது. நம்ம மக்கள்தொகைக்கு இது எட்டாயிரத்தைக்கூட தொடாது. நம்மகிட்ட ஏற்கெனவே 11 ஆயிரத்துக்கு மேல இருக்கு. அதாவது தமிழ்நாட்டுக்குக் கதவடைப்பு.

6/ முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், வேற மாநிலங்களும் எதிர்த்தன. 2023 நவம்பரில் "2025-26-க்குத் தள்ளி வைக்கிறோம்" என்றார்கள். தள்ளி வைப்பது வேற, தப்புன்னு ஒத்துக்கிறது வேற. அந்த யோசனை இன்னும் உயிரோடதான் இருக்கு.

7/ இது ஏன் தப்பு? மாநிலம் முழுசையும் ஒரே அண்டாவில் போட்டு சராசரி எடுக்கிறாங்க. சென்னையில் தெருவுக்கு நாலு கிளினிக் இருந்தா தென்காசிக்காரனுக்கு என்ன லாபம்? தென்காசி, பெரம்பலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை, காஞ்சிபுரம் ஆகிய ஆறு மாவட்டங்களில் இன்னும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. செங்கல்பட்டு சாலையில் வரிசையா நிக்கிற தனியார் கல்லூரிகளோட சீட்டைக் காட்டி, "உங்க மாநிலத்துல நிறைய இருக்கு" என்று பெரம்பலூரின் அரசுக் கல்லூரியை மறுப்பது எந்த ஊர் நியாயம்?

8/ இன்னொண்ணு. அந்த 11 ஆயிரத்தில் பாதிக்கும் மேல தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்கள். நிகர்நிலையில் வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல கட்டிப் படிச்ச பிள்ளை அன்னூருக்கும் சேவூருக்கும் ஓபி பார்க்க வரும்னு எதிர்பார்க்காதீங்க. அந்தப் பிள்ளையைக் குறை சொல்லல. கடன் அப்படி. அரசு சீட்டும் கோடி ரூபாய் சீட்டும் ஒரே கணக்கில் வராது.

9/ என் சக டாக்டர்கள் சிலருக்கு இது கோபம் வரும், ஆனாலும் சொல்றேன். "சீட் அதிகமானா மதிப்பு போயிடும்" என்கிற பேச்சில் பாதி அக்கறை, பாதி கடை போட்டிப் பயம். தென்கொரியாவைப் பாருங்க. அங்கே அப்ப வருஷத்துக்கு 3,058 இடங்கள்தான் இருந்துச்சு. 2024 பிப்ரவரியில் 2,000 கூட்டப்போறோம்னு அரசு சொன்னதும் பயிற்சி மருத்துவர்கள் ஆயிரக்கணக்கில் ராஜினாமா கொடுத்தாங்க. ஒரு வருஷத்துக்கு மேல இழுத்தது. கடைசியில் 2026-க்கு மறுபடியும் 3,058. நடுவில் அல்லாடினது நோயாளிங்க. அந்த வழியில் நாம போக வேண்டாம்.

10/ சரி, இப்ப ரெண்டாவது கூட்டம். காலேஜ் திறந்துட்டா டாக்டர் வந்துடுவாரா? எங்கூர்ல நிலக்கடலை ஏலம் நடக்கும். மூட்டையை எண்ணி யாரும் விலை போட மாட்டாங்க. ஒரு கை அள்ளி, உடைச்சு, உள்ளே பருப்பு இருக்கான்னு பார்ப்பாங்க. மெடிக்கல் காலேஜ் விஷயத்துல மட்டும் மூட்டையை எண்ணிட்டு கை தட்டுறோம்.

11/ பருப்பு எது? மூணு விஷயம். போதுமான நோயாளிகள். போதுமான ஆசிரியர்கள். மாணவன் கையால் வேலை செய்ய வாய்ப்பு. அரசுக் கல்லூரியில் முதலாவது எப்பவுமே இருக்கு. அடிபடுறது மத்த ரெண்டும்.

12/ 2025-ல் தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது: ஆசிரியர் பற்றாக்குறை, வருகைப் பதிவு குறைவு. மத்திய அரசின் பழிவாங்கல்னு சிலர் சொன்னாங்க. இருக்கட்டும். ஆனா காலியிடம் இருக்கா இல்லையா? உள்ளே வேலை செய்றவங்களுக்குத் தெரியும், இருக்கு. புதுக் கல்லூரிக்குப் புது ஆட்களை எடுக்காம, பழைய கல்லூரியிலிருந்து ஆளைப் பிடுங்கி நட்டா ரெண்டு இடத்திலும் ஓட்டைதான்.

13/ மயக்கவியல் டாக்டர் ஒருத்தரை இங்கிருந்து அங்க மாத்தினா என்ன ஆகும்னு புரியணுமா? ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தாய்க்கு சிசேரியன் தேவைப்படுது. மகப்பேறு டாக்டர் இருக்கார், தியேட்டர் இருக்கு, மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை. 108-ல் ஏத்தி அடுத்த ஊர். அந்த வண்டியில் போற நேரத்துக்கு விலை கட்டுறது அந்தம்மாவும் குழந்தையும்.

14/ இப்ப கண்காணிக்கிறவங்க கதை. பழைய மருத்துவ கவுன்சிலின் தலைவர் கேத்தன் தேசாய் 2010-ல் லஞ்ச வழக்கில் சிபிஐயால் கைதானார், கவுன்சில் கலைக்கப்பட்டது. 2016-ல் நாடாளுமன்றக் குழு அந்த அமைப்பைக் கிழிச்சுத் தொங்கவிட்டது. 2019-ல் புதுச் சட்டம், 2020 செப்டம்பரில் புது ஆணையம். எல்லாம் மாறிடும்னு சொன்னாங்க.

15/ 2025-ல் என்ன ஆச்சு? இன்ஸ்பெக்ஷன் எப்ப, யார் வர்றாங்க என்ற தகவலைக் கல்லூரிகளுக்குக் கசிய விட்டதாக, லஞ்சம் கைமாறியதாக, போலி ஆசிரியர்கள், போலி நோயாளிகள், வருகைப் பதிவுக்குப் போலி விரல் வரைக்கும் வைத்ததாக சிபிஐ வழக்குப் போட்டது. வழக்கு நீதிமன்றத்தில் முடியட்டும். பலகையை மாத்தினா பழக்கம் மாறாதுன்னு தெரிய வழக்கு முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

16/ திருப்பூர்க்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். வெளிநாட்டு பையர் ஆடிட் வர்ற அன்னைக்கு மட்டும் கம்பெனியில் எல்லாருக்கும் மாஸ்க், தீயணைப்பான், பளபளன்னு பாத்ரூம். ஆடிட் போனதும் மாஸ்க் பீரோவுக்குள்ள. மருத்துவக் கல்லூரி இன்ஸ்பெக்ஷனும் அதேதான். அதே ஆடிட் முறையை வெச்சுக்கிட்டு தரம் உயரும்னா எப்படிங்க?

17/ 2025 மே முதல் பேராசிரியர்களுக்கு ஆதார் முக அடையாளப் பதிவு. முகம் வந்தா பாடம் நடந்துடுமா? ஆபரேஷன் தியேட்டரில் ராத்திரி முழுக்க நின்னுட்டு காலையில் வீட்டுக்குப் போன சர்ஜனுக்கு ஆப்சென்ட். மொபைலில் முகத்தைக் காட்டிட்டு கிளினிக் போனவருக்கு பிரசென்ட்.

18/ "எக்சிட் தேர்வு வைங்க, தரம் தானா வரும்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நெக்ஸ்ட் தேர்வு 2019 சட்டத்திலேயே இருக்கு. அது வந்தா எம்பிபிஎஸ் கடைசி வருஷம் கோச்சிங் வருஷமா மாறும். பிரசவ வார்டில் நிக்க வேண்டிய பிள்ளை ரூமில் உட்கார்ந்து நாலு ஆப்ஷனில் ஒண்ணை டிக் பண்ணப் பழகும். ஊசி போடத் தெரியுமான்னு அந்த நாலு ஆப்ஷன் சொல்லாது.

19/ தமிழ்நாட்டுக்கு உருப்படியா வேலை செஞ்ச ஒரு மாடல் இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிற அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்பில் 50 சதவீத ஒதுக்கீடு. கிராமத்தில் உழைச்சவங்க ஸ்பெஷலிஸ்ட் ஆகி அரசு ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்தாங்க. அதைத் தட்டிப் பறிக்கப் பார்த்தப்ப, மாநிலங்களுக்கு இந்த உரிமை உண்டுன்னு 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் வந்ததும் அதே 2020-ல்தான். யாரை உள்ளே எடுக்கிறோம், படிச்சதும் எங்கே அனுப்புறோம் என்பதுதான் விஷயமே.

20/ அப்ப என்னதான் வேணும்? நாலே கோரிக்கை.

ஒண்ணு: மாநில சராசரி உச்சவரம்பைத் தள்ளி வைக்காம ரத்து பண்ணுங்க. ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் நோயாளிகள், படுக்கைகள், ஆசிரியர்களைப் பார்த்து சீட் கொடுங்க. அரசுக் கல்லூரி இல்லாத மாவட்டத்துக்கு முதலிடம்.

ரெண்டு: மாநில அரசுக்கு. ஆசிரியர் பணியிடம் நிரம்பின பிறகு ரிப்பன் வெட்டுங்க. எம்ஆர்பி தேர்வு வருஷா வருஷம் குறிச்ச மாசத்தில் நடக்கணும். அரசு டாக்டர்கள் 2009-ன் அரசாணை 354-ஐக் கையில் வெச்சுக்கிட்டு ஊதியத்துக்காகப் போராடிட்டே இருக்காங்க. சம்பளம் கொடுக்காம ஆசிரியர் வரமாட்டார்.

21/ மூணு: இன்ஸ்பெக்ஷன் அறிக்கை முழுசா இணையத்தில் வரணும். கல்லூரிகளைத் தரம் பிரிச்சு மக்களுக்கு வெளியிடணும்னு 2019 சட்டமே சொல்லுது. கவுன்சலிங்குக்குப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போனவங்களே, அந்தப் பட்டியல் உங்க கையில் இருந்ததா? யூடியூபைப் பார்த்துத்தானே காலேஜைத் தேர்ந்தெடுத்தீங்க?

நாலு: ஒவ்வொரு ஹவுஸ் சர்ஜனும் எத்தனை பிரசவம் பார்த்தார், எத்தனை காயம் தைத்தார் என்ற பதிவேட்டைக் கல்லூரி வாரியாக வெளியிடுங்க. போலி நோயாளியைப் படுக்கையில் படுக்க வைக்கலாம், போலிப் பிரசவம் பார்க்க முடியாது. பிறப்புப் பதிவேட்டோட ஒப்பிட்டா பொய் வெளியே வந்துடும்.

22/ "பொதுமக்கள் நாங்க என்ன செய்ய முடியும்?" என்பீங்க. தேர்தலுக்கு ஓட்டு கேட்டு வர்றவர்கிட்ட "காலேஜ் கொண்டு வந்தீங்களா"ன்னு கேட்கிறதோட நிறுத்தாதீங்க. "நம்ம தாலுகா ஆஸ்பத்திரியில் ராத்திரி மயக்க மருந்து டாக்டர் டியூட்டியில் இருக்காரா? மெடிக்கல் காலேஜில் எத்தனை பேராசிரியர் இடம் காலி?"ன்னு கேளுங்க. பதில் தெரியலைன்னா தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மனு போடுங்க. எந்த மாவட்டமா இருந்தாலும் வர்ற பதிலை இந்தப் பதிவுக்குக் கீழேயே போடுங்க, நான் படிச்சுட்டு விளக்குறேன்.