ஈயத்தைக் குறைத்த பிறகு கடைக்குப் போங்கள்



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஸ்கூபா முக்குளிப்பைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால், பள்ளி விடுமுறை தொடங்கியதும் கோலா பெசுட், மெர்சிங் படகுத்துறைகளில் நம் இளைஞர்களை, குறிப்பாக இளம் ஆசிரியர்களை, இப்போது தாராளமாகக் காண முடிகிறது. நீச்சலே தெரியாமல் வளர்ந்த ஒரு தலைமுறையின் பிள்ளைகள் கடலுக்கடியில் இறங்குகிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். நான் முக்குளிப்பவன் என்று அறிந்ததும் அவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐயா, என்னென்ன உபகரணம் வாங்கலாம்?"

நான் சொல்லும் விடை பலருக்கு உவப்பாக இருப்பதில்லை. "பெரிதாக எதையும் இப்போது வாங்க வேண்டாம். முதலில், நீருக்குள் உங்கள் உடல் எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள். அதைச் சரிசெய்த பிறகு கடைக்குப் போகலாம்" என்பேன். இப்படிச் சொல்வதற்கான காரணங்களை இங்கே முறையாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

உடல் மட்டம் என்றால் என்ன?

முக்குளிப்பாளர்கள் 'ட்ரிம்' என்று சொல்வதைத் தமிழில் உடல் மட்டம் எனலாம். தோள், இடுப்பு, முழங்கால் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் கிடைமட்டமாக இருக்க வேண்டும். முழங்காலை மடித்துத் துடுப்புக் காலணிகளைச் சற்று உயர்த்தி வைத்திருக்க வேண்டும். கைகள் அலையக்கூடாது. புளோரிடா மாநிலத்தின் குகைகளில் முக்குளித்தவர்கள் இதைக் கட்டாயப் பழக்கமாகவே வைத்துக்கொண்டார்கள். குகையின் தரையில் படிந்த சேற்றை ஒருமுறை உதைத்துக் கிளப்பிவிட்டால் வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரியாது. அங்கே உடல் மட்டம் உயிர் காக்கும் கலை.

இதையும் மிதப்புச் சமநிலையையும் பலர் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். மேலே எழும்பாமலும் கீழே அமிழாமலும் நிற்பது மிதப்புச் சமநிலை. அப்படி நிற்கும்போது உடல் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதே உடல் மட்டம். இரண்டும் வேறு வேறு. ஆயினும் இரண்டையும் கெடுப்பது ஒரே பொருள். அது, தேவைக்கு மேல் இடுப்பில் கட்டப்படும் ஈயம்.

மிகையான ஈயம் செய்யும் கேடு

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் தேவைக்கு மேல் 3 கிலோ ஈயத்தோடு 10 மீட்டர் ஆழத்தில் இருக்கிறார். அந்த எடையைச் சமன்செய்ய அவர் தம் மிதப்புச் சட்டையில் ஏறத்தாழ 3 லிட்டர் காற்றைக் கூடுதலாக நிரப்பியாக வேண்டும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. ஆகவே 10 மீட்டரில் அழுத்தம் 2. 5 மீட்டரில் 1.5. அழுத்தம் குறைந்தால் காற்றின் கனஅளவு கூடும் என்பது 1662ஆம் ஆண்டிலேயே இராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. அவர் 5 மீட்டருக்கு ஏறும்போது அந்த 3 லிட்டர் 4 லிட்டராகிவிடும். கூடிய ஒரு லிட்டர் அவரை ஒரு கிலோ விசையோடு மேலே தூக்கும். அவர் பதறிக் காற்றை வெளியேற்றுவார்; உடனே அமிழ்வார்; மீண்டும் காற்றை நிரப்புவார். முக்குளிப்பு முழுவதும் இந்தப் போராட்டமாகவே கழியும்.

கோணமும் இதனால்தான் கெடுகிறது. சட்டையில் நிரப்பிய காற்று மார்பையும் தோளையும் நோக்கி ஏறுகிறது. ஈயம் இடுப்பைக் கீழே இழுக்கிறது. தலை மேலே, கால் கீழே என்று உடல் சாய்ந்துவிடுகிறது. அந்த நிலையில் காலை உதைத்தால் உடல் முன்னே செல்வதோடு மேலேயும் ஏறும். மேலே ஏறாமல் இருக்க அவருக்கு இன்னும் எடை தேவைப்படும். ஈயத்தால் வந்த நோய்க்கு ஈயமே மருந்தாகிவிடுகிறது! சாய்ந்த உடலை நீரில் தள்ள அதிக உழைப்பு வேண்டும். உழைப்புக் கூடினால் மூச்சும் கூடும். நண்பர்களெல்லாம் இன்னும் நீருக்குள் இருக்க, இவருடைய காற்றுக்கலன் மட்டும் முதலில் காலியாவதன் இரகசியம் இதுவே.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களை இங்கே நினைவுகூரலாம். கயிற்றில் கட்டிய கல்லின் துணையால் அவர்கள் விரைந்து இறங்கினார்கள். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிட்டார்கள். படகில் இருந்தவர்கள் அதை மேலே இழுத்துக்கொண்டார்கள். எடை இறங்குவதற்கு மட்டுமே; வேலை செய்யும்போது அது சுமை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நாமோ அந்தக் கல்லை முக்குளிப்பு முடியும்வரை இடுப்பிலேயே சுமந்து திரிகிறோம்.

விலை கொடுப்பவை பவளங்கள்

காற்றுக்கலன் சீக்கிரம் காலியானால் நட்டம் நமக்கு மட்டும்தான். கால் கீழே தொங்கினால் நட்டம் பவளப்பாறைக்கு. சாய்ந்த நிலையில் நீந்துபவரின் துடுப்புக் காலணி அவர் பார்வைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. அது கிளைப்பவளத்தை முறிப்பதை அவர் அறிவதே இல்லை. அது கிளப்பிவிடும் மணல் பக்கத்துப் பவளங்களின் மேல் படிகிறது. பாறைபோல் திரண்டு வளரும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். ஓர் உதையில் உடைவது ஒரு மாணவன் முதலாம் ஆண்டில் சேர்ந்து ஆறாம் ஆண்டை முடிக்கும் காலத்து வளர்ச்சியாக இருக்கலாம்.

பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான், பாயார் ஆகிய தீவுகளைச் சூழ்ந்த கடல் 1994இல் கடல் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. 2010இல் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது, இத்தீவுகள் சிலவற்றில் முக்குளிப்பு இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டது. கடல் சூடாவதை நாம் ஒருவராக நின்று தடுக்க இயலாது. ஏற்கெனவே நோயுற்றிருக்கும் பவளத்தை உதைக்காமல் இருப்பது நம் கையில், இல்லை, நம் காலில் இருக்கிறது. சட்டமும் நுழைவுக் கட்டணமும் பவளத்துக்கு வேலி போடலாம். வேலிக்குள் நுழைந்த பிறகு நம் ஒழுக்கமே அதற்குக் காவல்.

செலவில்லாத மூன்று சோதனைகள்

1. எடைச் சோதனை: முக்குளிப்பு முடிந்து கலனில் 50 பார் அளவு காற்று இருக்கும்போது, நீர்மட்டத்தில் சட்டையின் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். இயல்பான மூச்சை இழுத்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். நீர் உங்கள் கண்மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். மூச்சு உள்ளே இருக்கும்போதே அமிழ்ந்தால் ஈயம் அதிகம். கலன் நிறைந்திருக்கும்போது சோதித்தால் 2 கிலோ அளவுக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். நம் தீவுகளில் வழக்கமாகக் கிடைக்கும் 11 லிட்டர் அலுமினியக் கலனில் 150 பார் காற்றைப் பயன்படுத்தினால், ஏறத்தாழ அவ்வளவு எடை குறைந்துவிடும்.

2. அசையா நிலைச் சோதனை: 5 மீட்டர் ஆழத்தில், மணற்பரப்புக்கு மேலே, கையையும் காலையும் அசைக்காமல் பத்து எண்ணுங்கள். கால் மட்டும் கீழே இறங்கினால் இடுப்பிலுள்ள ஈயத்தில் ஒரு பகுதியைத் தோளுக்கு அருகில் மாற்றுங்கள். அல்லது கலனைப் பட்டையில் சற்று மேலே ஏற்றிக் கட்டுங்கள். தலை கீழே கவிழ்ந்தால் இதற்கு எதிராகச் செய்யுங்கள்.

3. நிழற்படச் சோதனை: உடன் வருபவரிடம் உங்களைப் பக்கவாட்டில் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நேராகக் கிடக்கிறோம் என்று நம் மனம் சொல்லும். படம் உண்மையைச் சொல்லும்.

நீச்சல் குளத்தில் சரியாக இருந்த எடை கடலில் போதாது என்பதையும் மறவாதீர்கள். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 விழுக்காடு அடர்த்தி மிகுந்தது. உபகரணங்களோடு 100 கிலோ இருப்பவருக்குக் கடலில் 2.5 கிலோ கூடுதலாக வேண்டியிருக்கும்.

இனிக் கடைக்குப் போகலாம்

சோதனைகளைச் செய்தவருக்குத் தம் உடலின் இயல்பு தெரிந்துவிடும். அவர் கடையில் ஏமாறமாட்டார். நான் பரிந்துரைக்கும் வரிசை இது.

முதலில் முகக்கண்ணாடி. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். கையை எடுத்த பிறகும் அது ஒட்டி நின்றால் உங்கள் முகத்துக்கு ஏற்றது. விலையும் நிறமும் இதற்குப் பிறகுதான். கண்பார்வைக் குறை உள்ளவர்களுக்கு அதற்கேற்ற வில்லைகளும் கிடைக்கின்றன.

இரண்டாவது முக்குளிப்புக் கணினி. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு நம்மைக் காப்பது அது. இதில் இரவல் வேண்டாம்.

மூன்றாவது துடுப்புக் காலணி. இங்கே உடல் மட்டம் நேரடியாகப் பேசுகிறது. கால் அமிழும் இயல்புள்ளவர் எடை குறைந்த நெகிழி வகையைத் தேர்ந்தெடுக்கலாம். கால் மேலே மிதந்துகொண்டே இருப்பவருக்குக் கனமான இரப்பர் வகை உதவும். ஒரே கடையில் ஒரே விலைக்கு வாங்கினாலும், ஒருவருக்கு நன்மை செய்வது இன்னொருவரைக் கெடுக்கும்.

நான்காவது நீருடை. நம் கடல்நீர் பெரும்பாலும் 28 முதல் 30 பாகை செல்சியசு. 3 மில்லிமீட்டர் தடிமன் தாராளம். உடை தடித்தால் அதைச் சமன்செய்ய ஈயமும் கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

மிதப்புச் சட்டையும் சுவாசக் கருவியும் கடைசியில்தான். இருபது முப்பது முறை முக்குளிக்கும்வரை வாடகைக்கு எடுங்கள். வெவ்வேறு வகைகளை அணிந்து பாருங்கள். முதுகுப்புறம் மட்டும் காற்று நிறையும் வகை உடலைக் கிடைமட்டமாக்க உதவும். நீர்மட்டத்திலோ முகத்தை முன்னே தள்ளும். மார்பைச் சுற்றிக் காற்று நிறையும் வகை நீர்மட்டத்தில் வசதியாக இருக்கும். குளிர்நீருக்கென்று உறையிட்ட சுவாசக் கருவிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வெப்பமண்டலக் கடலில் குளிப்பவருக்கு அவசியம் இல்லை. அந்தப் பணத்தை ஆண்டுப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள்.

பயிற்றுநர்கள் தரப்பு

"புதியவர்களுக்கு ஈயத்தைக் கூட்டிக் கட்டுவது பாதுகாப்புக்காகத்தான்" என்று பயிற்றுநர்கள் சொல்வதுண்டு. நான்கு பேரை ஒருவராகக் கவனிக்கும்போது, ஒருவர் பந்துபோல் மேலே எழும்பிவிட்டால் மற்ற மூவரையும் விட்டுவிட முடியாது. வகுப்பறையில் நிற்கும் எனக்கு இந்தச் சிரமம் நன்றாகவே புரிகிறது. முதல் நாளுக்கு அந்த வாதத்தை ஏற்கிறேன். ஆனால், முதல் நாள் கட்டிய ஈயத்தை நான்காம் நாளிலும் யாரும் குறைப்பதில்லை. மாணவர் அந்த எண்ணையே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு படகிலும் அதையே கேட்டு வாங்குகிறார். சான்றிதழ் கொடுப்பதற்கு முன் எடையை மீண்டும் ஒருமுறை சோதித்துக் குறைப்பதைப் பயிற்சியின் பகுதியாகவே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

முதலாம் ஆண்டு மாணவனுக்கு 'அ' எழுதப் பழக்கும்போது, முதலில் நிமிர்ந்து உட்காரவும் பென்சிலை முறையாகப் பிடிக்கவும் கற்றுத் தருகிறோம். விலையுயர்ந்த பென்சில் கோணல் எழுத்தை நிமிர்த்தாது. முக்குளிப்புக்கும் இதே பாடம்தான்.

அடுத்த விடுமுறைக்குத் தீவுக்குச் செல்லும் நண்பர்களே, கடையின் விலைப்பட்டியலைச் சற்றே மூடி வையுங்கள். முதல் முக்குளிப்பு முடிந்ததும் எடைச் சோதனையைச் செய்யுங்கள். அடுத்த முக்குளிப்பில் ஒரு கிலோ ஈயத்தைப் படகிலேயே விட்டுச் செல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், உங்கள் காற்று நீளும்; பணப்பை தப்பும்; பவளமும் பிழைக்கும்.