பாட்டிலில் வந்த நண்டு

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் மகள் குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தோம். ராஜபாளையத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் அதுதானே. சங்கரன்கோவில், திருநெல்வேலி வழியாகப் போய் முருகனைக் கும்பிட்டு, காலை நனைத்துக்கொண்டு, கருப்பட்டி வாங்கித் திரும்புவோம். இந்தத் தடவை மணப்பாட்டுக்கும் ஒரு சாயங்காலம் போனோம்.

பேரனுக்கு ஏழு வயது. மற்ற பிள்ளைகள் அலையில் குதிக்கும்போது இவன் மட்டும் குனிந்த தலை நிமிராமல் மணலைப் பார்த்து நடப்பான். அலை திரும்பியதும் மண்ணுக்குள் சடக்கென்று புதைந்துகொள்ளும் மட்டிகளைக் கண்டுபிடித்தான். ஒரு வளையைச் சுற்றிக் கடுகு அளவு மணல் உருண்டைகள் கிடந்தன. "யார் உருட்டினா?" என்று கேட்டான். சின்ன நண்டு மண்ணை வாயில் அள்ளி, அதில் ஒட்டியிருக்கும் தீனியைச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை உருண்டையாகப் போட்டுவிடும் என்று சொன்னேன். கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம்தான், "அம்மாச்சி, சங்கு நடக்குது!" என்று கத்தினான். நான்கு சங்குகள். உள்ளே நண்டு. பாடப்புத்தகத்தில் துறவி நண்டு என்று படித்திருப்பீர்கள்.

"வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா?" என்றான். மகள் வேண்டாம் என்றாள். நான்தான் குறுக்கே புகுந்து, "பிள்ளை ஆசைப்படுறான், விடும்மா" என்றேன். வாட்டர் பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்துக் கொடுத்ததும் நான்தான்.

சங்கரன்கோவிலில் டீ குடிக்க நிறுத்தியபோது பாட்டிலைத் திறந்து பார்த்தான். இரண்டு நண்டுகள் சங்கைவிட்டு வெளியே வந்து கிடந்தன. அந்த நண்டுக்கு முன்பக்கம்தான் ஓடு. பின்பக்கம் மெத்தென்று, புழுப்போல இருக்கும். அதை மறைக்கத்தான் சங்கைத் தேடிப் போகிறது. உயிர் போகிற நெருக்கடி வந்தால் ஒழிய அதைவிட்டு வெளியே வராது. மூடிய பாட்டில், வெயிலில் சூடேறிய கார், செவுளால் மூச்சுவிடும் உயிர். தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் எவ்வளவு நேரம் தாங்கும்? வீடு வந்து சேரும்போது நான்கும் போய்விட்டன.

பையன் அழவில்லை. "நீங்கதானே எடுத்துக்கோன்னு சொன்னீங்க, அம்மாச்சி?" என்று மட்டும் கேட்டான். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 1990-களில் உங்களில் சில பேரைச் சுற்றுலாவுக்கு இதே கடற்கரைக்குக் கூட்டிப்போனேன், ஞாபகம் இருக்கிறதா? அறிவியல் மூலைக்குச் சங்கு, சிப்பி பொறுக்கி வாருங்கள் என்றேன். அதிகம் கொண்டுவந்த பையனுக்குப் பேனா பரிசு. இரண்டாம் நாள் வகுப்பறை முழுவதும் நாற்றம். பாதிச் சங்குகளில் உயிர் இருந்திருக்கிறது. நான் பினாயில் ஊற்றிக் கழுவச் சொன்னேனே தவிர, ஏன் நாறுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. அதைவிட நல்ல பாடம் அந்த வருஷம் கிடைத்திருக்காது.

யோசித்துப் பாருங்கள். செண்பகத்தோப்புக்குப் போகிறோம். நரை அணிலுக்காக 1988-ல் சரணாலயம் ஆக்கிய காடு. 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அங்கே அணிலைக் கண்டால் பிள்ளையிடம் "சத்தம் போடாதே, பார்" என்கிறோம். பையில் போட்டுக்கொள்ளச் சொல்வோமா? கடலில் மட்டும் கை நீள்கிறது. கடல் யாருடைய வீடும் இல்லை என்ற நினைப்பு நமக்கு. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் வரை மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-லேயே தேசியப் பூங்கா ஆகிவிட்டன. 2001-ல் கடல் குதிரையும் கடல் அட்டையும் சில சங்கு வகைகளும் வனவிலங்குச் சட்டப் பட்டியலில் சேர்ந்தன.

"விசைப்படகு ஒரு வலையில் எத்தனை அள்ளுகிறது, ஒரு பிள்ளை நாலு நண்டு எடுத்தால் குடி முழுகிவிடுமா?" என்று மருமகன் கேட்டார். கடலுக்கு ஒன்றும் ஆகாது. அதை ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கவலை பிள்ளையைப் பற்றி. ஆசைப்பட்டது கைக்கு வந்ததும் செத்துப்போகும், அடுத்த லீவுக்கு வேறு எடுத்துக்கொள்ளலாம் என்று பழகிவிட்டால்?

காலிச் சங்கு எடுக்கலாமே என்பீர்கள். இந்த நண்டு வளர வளரப் பெரிய சங்குக்கு வீடு மாற வேண்டும். கிடைக்காமல் பிளாஸ்டிக் மூடிக்குள் குடியிருக்கும் நண்டுகளைப் படம்பிடித்திருக்கிறார்கள். ஒன்று எடுத்தால் போதும். பை நிறைய எதற்கு?

அதற்காகப் பிள்ளையை "சீ, தொடாதே" என்று இழுத்துக்கொண்டு போகிறவர்களோடும் எனக்குச் சண்டைதான். அந்தப் பெற்றோர் செல்பி எடுத்து முடித்ததும் "போதும் வா" என்பார்கள். அந்தப் பிள்ளை கடலைப் பார்க்காமலே வீடு திரும்பும். அதற்கு, பாட்டிலில் பிடித்த என் பேரனே தேவலை. தொடட்டும். கையை நனைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைக்கட்டும். சொறியை மட்டும் தொட விடாதீர்கள். கரையில் செத்துக் கிடந்தாலும் அரிக்கும். கூம்பு மாதிரிச் சங்கில் உயிர் இருந்தால் அதையும் எடுக்கக்கூடாது. விஷம்.

அமாவாசை, பௌர்ணமி ஒட்டிக் கடல் நன்றாக வற்றும். திருச்செந்தூரில் பாசி படிந்த பாறைகள் தெரிவது பெரும்பாலும் அப்போதுதான். பேப்பரில் 'கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்' என்று போடுவார்கள். அச்சப்பட ஒன்றுமில்லை. அலை வரும் பக்கம் ஒரு பெரியவர் நின்றுகொண்டு, பிள்ளைகளை அந்தப் பாறைக் குழிகளைப் பார்க்க விடுங்கள். வழுக்கும், செருப்பைக் கழற்ற வேண்டாம். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். சாப்பாட்டுக்கு ஹோட்டல் தேடுவதற்கு அதைவிட அதிக நேரம் செலவழிக்கிறோம்.

நேற்றுப் பேரன் போனில் பேசினான். நான்கு நண்டையும் நோட்டில் வரைந்திருக்கிறானாம். அடுத்த அமாவாசை என்றைக்கு என்று கேட்டான். காலண்டரைப் பார்த்துத் தேதி சொல்லியிருக்கிறேன். பாட்டில் கொண்டுவரலாமா என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பேனா வாங்கிய தம்பி, இதைப் படித்தால் ஒரு போன் பண்ணப்பா. உனக்கும் இப்போது பிள்ளைகள் இருக்கும்.

உங்கள் டீச்சர்