ஜீப்புக்குப் புது விளக்கு: வெளிச்சம் கூடினால் வழி தெரியுமா?

அதிகாலை மணி 4. சூரியநெல்லியில் ஜீப்புகள் புறப்படுகின்றன. கேரளத்தில் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்குப் பக்கத்தில் உள்ள ஊர் இது. கொழுக்குமலையில் சூரியன் உதிப்பதைப் பார்க்க வந்தவர்கள், போர்வையைப் போர்த்திக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்காருகிறார்கள்.

கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில். உயரம் 7 ஆயிரம் அடிக்கு மேல். ஆனால் ஜீப்பு போகும் வழி கேரளப் பக்கம் இருக்கிறது. அதை ரோடு என்று சொல்ல முடியாது. கல்லும் குழியுமான தடம். சாதாரணக் கார் ஏறாது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஜீப்பு ஏறும்.

ஒரு வளைவில் பனி வந்து மூடிக்கொள்கிறது. புது டிரைவராக இருந்தால் உடனே 'பிரைட்' விளக்கைப் போடுவார். போட்டதும் எதிரே ஒரு வெள்ளைச் சுவர் எழும்பும். இருந்த வழியும் மறைந்துவிடும்!

பழகிய டிரைவர் அப்படிச் செய்ய மாட்டார். விளக்கை 'டிம்' செய்வார். கீழே பம்பரில் உள்ள சிறு விளக்குகளைப் போடுவார். தடத்தின் ஓரம் தெரியும். ஜீப்பு மெள்ள நகரும்.

வெளிச்சத்தைக் கூட்டினால் வழி மறைகிறது. குறைத்தால் தெரிகிறது. இது என்ன வேடிக்கை? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததால் பலர் கையில் உள்ள பணத்தையும் செலவழித்து, ஆபத்தையும் விலைக்கு வாங்குகிறார்கள்.

ஊருக்குள் வந்த ஜீப்பு

ஒரு காலத்தில் ஜீப்பு என்றால் போலீஸ், வனத்துறை, எஸ்டேட் என்றுதான் நினைவு வரும். இன்று அப்படி இல்லை. மகிந்திராவின் 'தார்' வண்டி 2020-ம் ஆண்டில் புது உருவில் வந்தது. மாருதியின் 'ஜிம்னி' 2023-ம் ஆண்டில் வந்தது. கல்லூரி மாணவர் முதல் கடை முதலாளி வரை இவற்றின் மீது ஆசைப்படுகிறார்கள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் பலர் முதலில் கை வைப்பது விளக்கில்தான். பழைய பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பு போடுகிறார்கள். பம்பரில் இரண்டு, கூரையில் ஒரு நீள வரிசை என்று விளக்குகள் ஏறுகின்றன.

இந்த ஆசையில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. காட்டுப் பாதையில் தெருவிளக்கு கிடையாது. குழி எங்கே, பாறை எங்கே என்று காட்ட வண்டியின் விளக்கைத் தவிர வேறு துணை இல்லை. கம்பெனி கொடுத்த விளக்கு போதவில்லை என்று டிரைவர் சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் அதே வண்டி மறுநாள் மாலை ஊர் ரோட்டிலும் வருகிறது. எதிரே சைக்கிளில் ஒருவர் வருகிறார். ஓரமாக ஒரு தாய் குழந்தையைக் கையில் பிடித்து நடந்து வருகிறாள். தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது.

யுத்த காலத்து விளக்கு

ஜீப்பின் விளக்குக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில், 1941-ம் ஆண்டு முதல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் ஜீப்புகள் செய்யப்பட்டன. அவற்றின் முன் விளக்குகள் கீல் வைத்துப் பொருத்தப்பட்டிருந்தன. அப்படியே திருப்பினால் வெளிச்சம் இன்ஜின் மீது விழும். நடுக்காட்டில், இருட்டில், இன்ஜினைப் பழுது பார்க்க அந்த ஏற்பாடு!

1940-களின் கடைசியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. யுத்தத்துக்குப் பின் வந்த ஜீப்புகளில் 7 அங்குல வட்ட விளக்கு வழக்கமாயிற்று. இன்றும் பல ஜீப்புகளில் அதே அளவுதான். பழைய விளக்கைக் கழற்றிப் புது விளக்கை மாட்டுவது சுலபமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஓட்டை ஒன்றுதான். அதில் எதையும் மாட்டலாம். ஆனால் பொருந்துவதெல்லாம் சரியான விளக்கு ஆகிவிடாது.

பல்பு மட்டும் மாறினால் என்ன ஆகும்?

விளக்கு என்பது பல்பு மட்டும் அல்ல. பல்பு, அதற்குப் பின்னால் உள்ள குழிக் கண்ணாடி, முன்னால் உள்ள மூடி, மூன்றும் சேர்ந்தால்தான் விளக்கு.

ஹாலஜன் பல்பு ஐரோப்பாவில் 1962-ம் ஆண்டில் மோட்டார்களுக்கு வந்தது. இன்று நம் ஊரில் பழக்கத்தில் உள்ள ஹாலஜன் பல்புகளில் ஒன்று 60 வாட், 55 வாட் பல்பு. அதற்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று பிரைட்டுக்கு, ஒன்று டிம்முக்கு. டிம் சுருளுக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் உண்டு. அது வெளிச்சத்தில் ஒரு பகுதியை மறைக்கிறது. அதனால்தான் டிம் போட்டால் வெளிச்சம் ரோட்டில் மட்டும் விழுகிறது. எதிரே வருபவர் கண்ணுக்கு ஏறுவதில்லை.

அந்தச் சுருள் எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் குழிக் கண்ணாடியைச் செய்திருக்கிறார்கள். சுருள் கொஞ்சம் நகர்ந்தாலும் வெளிச்சம் தப்பிப் போகும்.

எல்.இ.டி. பல்பில் சுருள் இல்லை. ஒளிரும் சில்லுகள் இருக்கின்றன. அவற்றின் அளவு வேறு, இருக்கும் இடம் வேறு. ஹாலஜனுக்குச் செய்த கூட்டில் அதை மாட்டினால் வெளிச்சம் மேலும் கீழும் சிதறக்கூடும். வண்டிக்கு முன்னால் பத்தடி தூரம் பளபளவென்று இருக்கும். 'ஆகா, என்ன வெளிச்சம்!' என்று சொந்தக்காரர் மகிழ்ந்துபோவார். ஆனால் தூரத்தில் பார்க்க வேண்டிய இடம் முன்னைவிட மங்கலாகவே இருக்கலாம். பக்கம் பளிச்சென்று இருக்கும்போது, தூரத்து இருட்டு கண்ணுக்கு இன்னும் இருட்டாகத் தெரியும்.

எல்.இ.டி. மோசம் என்று இதற்கு அர்த்தம் அல்ல. எல்.இ.டி.க்கென்றே கூடும் கண்ணாடியும் சேர்த்துக் கம்பெனி செய்த விளக்கு நல்ல விளக்கு. பழைய கூட்டில் புது பல்பைத் திணிப்பதுதான் தவறு.

இடமும் வலமும்

வெளிநாட்டிலிருந்து விளக்கு வரவழைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு.

நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. அதனால் டிம் வெளிச்சம் இடப்பக்கம் கொஞ்சம் உயர்ந்து, ஓரத்தில் நடப்பவரைக் காட்டும்படி விளக்கு செய்யப்படுகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவிலும் வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. அங்குள்ள விளக்கின் வெளிச்சம் வலப்பக்கம் உயரும். அதை இங்கே கொண்டுவந்து மாட்டினால் என்ன ஆகும்? உயர்ந்த வெளிச்சம் நேராக எதிரே வரும் டிரைவரின் முகத்தில் விழும்!

ஜீப்பை உயர்த்திப் பெரிய டயர் போடுகிறவர்களும் உண்டு. அதில் முன்பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டாலும் விளக்கு நிமிர்ந்துவிடும். ஒரே ஒரு டிகிரி நிமிர்ந்தால் போதும். 50 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரம் ஏறிவிடும். ரோட்டில் விழ வேண்டியது மனிதர் முகத்தில் விழும்.

மூன்று விநாடிக் குருடு

கண் கூசினால் என்ன, கொஞ்சம் சமாளித்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கலாம். கணக்கைப் பாருங்கள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. பளீரென்று வெளிச்சம் பட்ட கண் தெளியச் சில விநாடி பிடிக்கும். மூன்று விநாடி என்று வைத்துக்கொண்டாலும் 50 மீட்டர் தூரம் அந்த வண்டி கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது என்று பொருள். வயதானவர்களுக்குக் கண் தெளிய இன்னும் நேரம் ஆகும்.

ஒருவர் பிரைட் போட்டால், எதிரே வருபவர் கோபத்தில் தாமும் பிரைட் போடுகிறார். இப்போது இரண்டு பேருக்கும் கண் தெரியாது. நடுவில் அகப்படுகிறவர் சைக்கிள்காரர்.

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. அந்த ஆண்டு அதிகமான விபத்துகள் நடந்த நேரம் மாலை 6 மணி முதல் 9 மணி வரை. எல்லாம் விளக்கால் வந்தவை அல்ல. ஆனாலும் இருட்டத் தொடங்கும் நேரத்தில், வீடு திரும்பும் கூட்டத்தின் நடுவே கண் கூச வைப்பது எவ்வளவு பொல்லாதது என்பதை இது எடுத்துக் காட்டுகிறது.

பனி ஏன் சுவராகிறது?

மலைப் பனிக்கு வருவோம்.

பனிமூட்டம் என்பது மிகச் சிறிய நீர்த்துளிகளின் கூட்டம். ஒரு மில்லிமீட்டரை 100 பங்கு வைத்தால், அதில் ஒன்றிரண்டு பங்குதான் ஒரு துளியின் அளவு. வெளிச்சம் பட்டதும் ஒவ்வொரு துளியும் அதை நாலா பக்கமும் சிதறடிக்கிறது. அதில் ஒரு பகுதி டிரைவர் கண்ணுக்கே திரும்பி வருகிறது. அதுதான் அந்த வெள்ளைச் சுவர். விளக்கு எவ்வளவு பெரிதோ சுவரும் அவ்வளவு வெளுப்பு.

பனி விளக்கு இதற்காகவே செய்யப்பட்டது. அதன் வெளிச்சம் அகலமானது, தட்டையானது. மேல் விளிம்பு கத்தியால் சீவியது போல் இருக்கும். அதைத் தாழ்வாகப் பொருத்துகிறார்கள். வெளிச்சம் பனிக்கு அடியில் தரையோடு போகிறது. டிரைவர் கண்ணுக்கு நேரே உள்ள துளிகள் மீது அதிகம் படுவதில்லை. அதனால் ரோட்டின் ஓரமும் வெள்ளைக் கோடும் தெரிகின்றன. இதே விளக்கைக் கூரையில் ஏற்றினால் அதன் பயனே போய்விடும்.

அகலமான வெளிச்சத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. அப்படிப்பட்ட வளைவில் திரும்பும்போது, நேரே பாயும் பிரைட் வெளிச்சம் பள்ளத்தாக்குக்குப் போய்விடும். வண்டி திரும்ப வேண்டிய பக்கம் இருட்டாக இருக்கும். அங்கே கைகொடுப்பது பக்கவாட்டில் பரவும் விளக்குதான்.

மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பனித்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கின்றன. நீல வெளிச்சம் குறைவதால் சிலர் கண்ணுக்கு மஞ்சள் இதமாக இருக்கும். அவ்வளவுதான். பிரான்சு நாட்டில் 1930-களின் கடைசியிலிருந்து 1993 வரை மோட்டார்களுக்கு மஞ்சள் விளக்குதான் சட்டம். பிறகு அந்த நாடும் வெள்ளைக்கு மாறிவிட்டது.

பனி விளக்கு வேகமாகப் போக உதவும் விளக்கு அல்ல. மெள்ளப் போக உதவும் விளக்கு. பனி விலகியதும் அதை அணைத்துவிட வேண்டும்.

தீப்பிடிக்கும் ஒயர்

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் ஒன்று இருக்கிறது.

12 வோல்ட் வண்டியில் 55 வாட் பல்பு ஒன்று ஏறக்குறைய நாலரை ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். இரண்டுக்கும் 9 ஆம்பியர். 100 வாட் பல்பு இரண்டு போட்டால் 16 ஆம்பியருக்கு மேல் போகும். கம்பெனி போட்ட ஒயரும் சுவிட்சும் அவ்வளவு சுமைக்குச் செய்தவை அல்ல. ஒயர் சூடாகும். மேலுறை உருகும். தீப்பிடிக்கவும் கூடும்.

தனியாக விளக்கு சேர்த்தால் தகுந்த கனத்தில் ஒயர், பியூஸ், ரிலே மூன்றும் வேண்டும். ரிலே என்பது ஒரு காவல்காரன் மாதிரி. டிரைவர் தட்டும் சுவிட்சில் சிறு மின்சாரம்தான் ஓடும். பெரிய மின்சாரம் ரிலே வழியாக பாட்டரியிலிருந்து விளக்குக்கு நேராகப் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் விளக்குக்கு ஒரு கணக்கு இருக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வலப்பக்கம் அரை மீட்டரில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருந்தால், டிம் வெளிச்சத்தில் அந்தக் கண் கூசக் கூடாது. ஒன்றரை மீட்டர் என்பது ரோட்டில் நிற்கும் ஒரு மனிதரின் கண் உயரம். விதி எழுதியவர்கள் வண்டிக்கு எதிரே ஒரு மனிதரை நிறுத்தி வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

தேடு விளக்குகளை அனுமதி இல்லாமல் வண்டியின் முன்னால் பொருத்தவும் அந்த விதிகள் இடம் தரவில்லை. 2019-ம் ஆண்டில் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, விதிக்கு மாறாக வண்டியை மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு.

என்ன செய்யலாம்?

முதலில் விளக்கின் மூடியைத் துடையுங்கள். சேறும், மஞ்சள் பூத்த பிளாஸ்டிக்கும் பாதி வெளிச்சத்தை விழுங்கிவிடும். காசு செலவில்லாத வேலை இது.

இரண்டாவது, ஒயரைச் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய ஒயரில், துருப்பிடித்த இணைப்பில் வோல்ட் குறையும். ஹாலஜன் பல்புக்கு வரும் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். பல்பு மங்கல் என்று பலர் நினைப்பது உண்மையில் ஒயரின் குற்றம்.

மூன்றாவது, விளக்கின் குறியைச் சரி பாருங்கள். சமதரையில் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி டிம் போட வேண்டும். 10 மீட்டர் தூரத்தில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, விளக்கின் உயரத்தைவிட ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். உயரமான வண்டிக்கு இன்னும் சற்றுத் தாழ்ந்தாலும் நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் போதாது என்றால், அந்த வண்டிக்கென்று கம்பெனி அங்கீகரித்த முழு விளக்கை வாங்கலாம். தாழ்வாக ஒரு ஜோடி பனி விளக்கும் சேர்க்கலாம். மலைப் பாதைக்கு அதுவே தாராளம்.

கடைசியில் ஒரு சோதனை. வண்டியில் டிம் போட்டுவிட்டு இறங்கி எதிரே நடந்து போங்கள். எட்டு மீட்டர் என்பது பத்துப் பன்னிரண்டு எட்டு. அங்கே நின்று, ரோட்டின் நடுப்பக்கம் இருந்து திரும்பிப் பாருங்கள். உங்கள் கண் கூசினால், நாளை அந்த இடத்தில் நிற்பவருக்கும் கூசும். அவர் உங்கள் அண்டை வீட்டுக்காரராக இருக்கலாம். பள்ளிக்கூடம் விட்டு வரும் உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.