கேட்காமல் பறித்தவன் விடுதலை வீரன் அல்ல

‘டிராகன் ஏஜ்’ விளையாட்டுகளின் கதையுலகம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எல்ஃப் இனம் சாகாவரத்தை இழந்தது வருந்தத்தக்கதல்ல, அது விடுதலைக்குக் கொடுத்த விலை என்கிறார் கட்டுரையாளர். சாகாவரம் எஜமானர்களின் சொத்தாக இருந்ததாம். அதை ஒழித்த சோலஸ் அடிமைகளை மீட்டவனாம். தெய்வங்கள் உலகையே அழிக்கப் பார்க்கும்போது யாராவது ஒருவர் தனியாக முடிவெடுத்துத்தான் ஆக வேண்டுமாம். இவற்றில் ஒன்றுகூடக் கதையின் முன் நிற்காது.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதரோடு பழகியதால்தான் தங்கள் முன்னோரின் முடிவில்லா ஆயுள் குறைந்தது என்று 2009-இல் வந்த ‘ஆரிஜின்ஸ்’ விளையாட்டில் டேலிஷ் என்னும் நாடோடி எல்ஃப்கள் நம்பினார்கள். உண்மை வேறு என்று 2015-இல் வந்த ‘டிரெஸ்பாசர்’ காட்டியது. அவர்கள் கும்பிட்ட எவனூரிஸ் தெய்வங்களே அல்ல, பெரும் பலம் கொண்ட மந்திரவாதிகள். போர்த்தளபதிகளாகத் தொடங்கி, அரசர்களாகி, கடைசியில் தங்களைத் தெய்வங்களாக அறிவித்துக்கொண்டவர்கள். அவர்கள் தங்களில் ஒருத்தியான மித்தாலைக் கொன்றபோது, அவர்களை எதிர்த்துவந்த எல்ஃப் மந்திரவாதி சோலஸ் நனவுலகுக்கும் ஃபேட் என்னும் ஆவியுலகுக்கும் நடுவே ஒரு திரையை எழுப்பி, எஞ்சிய ஏழு பேரையும் அதற்குப் பின்னால் சிறைவைத்தான். ஃபேட் துண்டிக்கப்பட்டதும் எல்ஃப்களின் ஆயுளும் துண்டிக்கப்பட்டது.

முதலில், சாகாவரம் எஜமானர்களின் சொத்து என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். 2014-இல் வந்த ‘இன்குவிசிஷன்’ விளையாட்டில் மித்தாலின் கோயிலைக் காத்து நிற்கும் அபேலஸைக் கட்டுரையாளர் மறந்துவிட்டாரா? அவன் பிரபு அல்ல, ஊழியன். அவன் முகத்தில் மித்தாலின் பச்சை குத்தியிருக்கிறது. அந்தப் பச்சை அடிமைக்கு இட்ட அடையாளம் என்பதைச் சோலஸே அதே விளையாட்டில் சொல்கிறான். அப்படிப்பட்ட ஊழியன்தான் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நெடுந்துயிலில் கிடந்து, கோயிலுக்கு ஆபத்து வரும்போதெல்லாம் எழுந்து சண்டையிட்டு, ஒவ்வொரு முறையும் கூட இருந்தவர்கள் குறைவதைப் பார்த்தவன். நீண்ட ஆயுள் அடிமைக்கும் இருந்தது. அவனுக்கென்று இருந்ததே அது ஒன்றுதான். எஜமானர்களை ஒழிக்கப் போனவன் அடிமைகளிடமிருந்தும் அதைப் பறித்தான் என்பதுதான் நடந்தது.

சோலஸ் அடிமைகளை மீட்டதே இல்லை என்று நான் சொல்லவில்லை. தப்பி வந்தவர்களுக்கு அவன் புகலிடம் கொடுத்ததையும், அவர்கள் முகத்திலிருந்து பச்சையை அழித்ததையும் ‘டிரெஸ்பாசர்’ சுவரோவியங்களில் காட்டுகிறது. அது உயர்ந்த செயல்தான். அங்கே வந்தவர்கள் தாங்களாக வந்தவர்கள். திரையை எழுப்பியபோது யாரும் அவனிடம் வரவில்லை, அவனும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே விடுதலைப் போராட்டமாகக் கட்டுரையாளர் எழுதுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அதே விளையாட்டில் சிதைந்த நூலகம் ஒன்று வருகிறது. ஃபேட்டின் பலத்தில் நின்ற கட்டடம் அது. திரை எழும்பியதும் பாதைகள் அறுந்து, மாடிகள் பிய்ந்து அந்தரத்தில் தொங்குகின்றன. தலைகீழாகக் கிடக்கும் படிகளில் நாம் ஏறிப் போகிறோம். திரை எழும்பிய கணத்தில் உள்ளே படித்துக்கொண்டிருந்தவர்களின் கடைசி நேரத்து நினைவுகளை ஆவிகள் இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன. அவர்கள் கொடுங்கோலர்களல்ல, நூலகத்துக்கு வந்தவர்கள். கட்டுரையாளர் இந்த இடத்தை ஒரே வரியில் ‘அழகான காட்சியமைப்பு’ என்று கடந்துபோகிறார். அந்த வரியைப் படித்தபோது வந்த கோபம் இதை எழுதும்போதும் தணியவில்லை.

அப்புறம் என்ன ஆனது? ஆயுள் குறுகி, மந்திரம் தேய்ந்து, நகரங்கள் இடிந்து நின்ற இனத்தை டெவின்டர் என்னும் மனிதப் பேரரசு வந்து அள்ளிக்கொண்டு போனது. எவனூரிஸின் அடிமைகளுடைய வழித்தோன்றல்கள் டெவின்டரின் அடிமைகளானார்கள். டெவின்டரை எதிர்த்து ஆண்ட்ராஸ்டே நடத்திய போருக்குப் பின் கிடைத்த டேல்ஸ் நாடும் குளோரி யுகம் 2:20-இல் பறிபோனது. மிஞ்சியவர்கள் ஒன்று காட்டில் வண்டி கட்டித் திரிந்தார்கள், அல்லது நகரங்களில் ஏலியனேஜ் என்னும் மதில் சூழ்ந்த சேரிகளில் அடைபட்டார்கள். 2024-இல் வந்த ‘வெய்ல்கார்டு’ விளையாட்டிலும் டெவின்டரில் எல்ஃப் அடிமைகள் இருக்கிறார்கள். இதை விடுதலை என்று அழைக்க அந்தச் சேரியில் பிறந்த ஒருவரும் ஒப்பமாட்டார்.

‘வேறு வழி இல்லை’ என்பது கட்டுரையின் மையம். எவனூரிஸ் கையிலெடுத்த பிளைட் என்னும் கொள்ளைநோய் உலகையே தின்றிருக்கும் என்பது சரிதான். ஆனால் அந்த நோய் எங்கிருந்து வந்தது? மித்தாலின் சொல் கேட்டு, லிரியம் என்னும் மந்திரக் கனிமத்தால் கத்தி ஒன்றைச் செய்து, டைட்டன்கள் என்னும் நிலத்தடி மாபெரும் உயிர்களின் கனவுகளை அவற்றின் உடலிலிருந்து அறுத்தெடுக்க வழி செய்தவன் சோலஸ். அறுபட்டுப் பித்தேறிய அந்தக் கனவுகளிலிருந்து பிறந்ததுதான் பிளைட். டைட்டன்களின் பிள்ளைகளான குள்ளர்கள் அன்றிலிருந்து கனவே காண்பதில்லை. அவர்களிடமும் யாரும் கேட்கவில்லை. முதல் முறை ஓர் இனத்தின் கனவு போனது, இரண்டாம் முறை இன்னோர் இனத்தின் ஆயுள் போனது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனுக்குக்கூட ஒரு சமாதானம் சொல்லலாம். எலியை உள்ளே விட்டவனே அவன் என்று தெரிந்த பிறகு என்ன சொல்வது?

மூன்றாம் முறையும் உண்டு. நெடுந்துயிலிலிருந்து பலம் குன்றி எழுந்த சோலஸ், தன் மந்திர உருண்டையைத் தானே திறக்க முடியாமல், அது கொரிஃபியஸ் என்னும் கொடிய மந்திரவாதியின் கையில் போய்ச் சேர வழிசெய்தான். விளைவாகப் புனிதச் சாம்பல் கோயிலில் சமாதானம் பேசக் கூடியிருந்தவர்கள் வெடித்துச் சாம்பலானார்கள். திருத்தலைவி ஜஸ்டினியாவும் அங்கே இறந்தாள். கட்டுரையில் இந்த நிகழ்ச்சி பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை எழுதினால் ‘தவிர்க்க முடியாத ஒரே ஒரு முடிவு’ என்ற சித்திரம் கலைந்துவிடும். திரை எழுப்பியது தான் செய்த தவறு என்று நினைத்து அதைக் கிழிக்கத்தானே சோலஸ் அலைகிறான்! அவனே நியாயப்படுத்த முடியாத ஒன்றை முழு மனதோடு நியாயப்படுத்த இவர் முன்வருகிறார்.

கடைசியாக ஒன்று. சாகும் மனிதர்களால் தெய்வங்களை எதிர்க்க முடியாது, எனவே இன்னொரு தெய்வம்தான் தலையிட வேண்டும் என்று கட்டுரையாளர் முடிக்கிறார். சிறைக்குள் இருந்த ஏழு எவனூரிஸும் தங்கள் உயிரை ஆர்ச்டீமன்கள் என்னும் டிராகன்களோடு பிணைத்து வைத்திருந்தார்கள் என்பது ‘வெய்ல்கார்டு’ தரும் செய்தி. வரலாற்றில் ஆர்ச்டீமன்கள் தலைமையில், நோயின் பெயரையே கொண்ட பிளைட் படையெடுப்புகள் ஐந்து வந்தன, ஐந்து ஆர்ச்டீமன்கள் கொல்லப்பட்டன, அவற்றோடு ஐந்து ‘தெய்வங்களும்’ செத்தன. கொன்றவர்கள், பிளைட்டை எதிர்ப்பதற்கென்றே இருக்கும் கிரே வார்டன்கள் என்னும் வீரர்கள். இறுதி வெட்டை வெட்டும் வார்டனும் அந்த இடத்திலேயே இறப்பான். அது தெரிந்தேதான் அவர்கள் போனார்கள். சோலஸின் திரை பூட்டி மட்டும் வைத்தவர்களை, எண்பது வருடம்கூட வாழ உத்தரவாதமில்லாதவர்கள் ஒவ்வொருவராக முடித்துவைத்தார்கள்.

அவர்களில் ஒருவன் காராஹெல். எக்ஸால்டட் யுகம் 5:24-இல் அயெஸ்லி போர்க்களத்தில் ஆண்டோரல் என்னும் ஆர்ச்டீமனைக் கொன்று, நான்காம் பிளைட்டை முடித்து, அங்கேயே உயிரைவிட்டவன். அவன் ஓர் எல்ஃப். சாகாவரம் இல்லாத எல்ஃப். அவன் கொடுத்தது தன் சொந்த உயிரை. விடுதலை வீரன் என்ற பட்டத்தை யாருக்காவது சூட்ட வேண்டுமென்றால் கட்டுரையாளர் காராஹெலுக்குச் சூட்டட்டும்.