வட்டத்தை மனப்பாடம் பண்ணலாமா?



வட்டம் பாடத்தில் "வரையறு" என்று கேட்கும் கேள்வியைக் குறைத்து, "காட்டு" என்று கேட்கும் கேள்வியைக் கூட்ட வேண்டும். இதுதான் என் கருத்து. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்பீர்கள். ஆரணிப் பக்கத்துப் பிள்ளை நான். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டில் தார் சுத்துகிறேன். தினமும் இரண்டு மணி நேரம் என் கண் முன்னால் சுற்றுவது வட்டம்தான்!

"வட்டத்தின் மீதுள்ள ஏதேனும் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டு நாண்." இதை எழுதிவிடலாம். ஆனால் நாண் என்றால் என்ன? வில்லில் கட்டுகிற கயிறு. வளைந்த பகுதிக்குப் பெயரே வில். வில்லையும் நாணையும் பார்த்துத்தானே நம் ஆட்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்? விட்டம் என்றால் வீட்டில் சுவருக்குச் சுவர் குறுக்கே போகிற மரம். வட்டத்துக்கு நடுவில் மையம் வழியாகக் குறுக்கே போவதும் விட்டம். ஆரம் என்பது வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால். இவ்வளவு அழகான சொற்களை வைத்துக்கொண்டு நாம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிறோம்.

இப்போது ராட்டைக்கு வருகிறேன். எங்கள் ராட்டைச் சக்கரத்தின் விட்டத்தை அளந்தேன், 60 செ.மீ. கதிரில் கயிறு ஓடுகிற இடத்தின் விட்டம் 3 செ.மீ. 60-ஐ 3-ஆல் வகுத்தால் 20. சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால் கதிர் 20 சுற்று சுற்றும். பரிதி விட்டத்தைப் பொறுத்தது என்று புத்தகத்தில் இருக்கிறதே, அதுதான் இது. சக்கரத்துக்கும் கதிருக்கும் நடுவில் நேராகப் போகிற கயிறு இருக்கிறதே, அது சக்கரத்தையும் தொடுகிறது, கதிரையும் தொடுகிறது. பத்தாம் வகுப்பு அக்காக்கள் படிக்கிற தொடுகோடு அதுதான்!

எங்க ஆயா பள்ளிக்கூடமே போனதில்லை. ஆனால் "தார் பருத்துடுச்சுன்னா கைய மெதுவா சுத்து, நூலு வேகமா இழுக்கும், அறுந்துடும்" என்று சொல்லும். ஏன் வேகமா இழுக்குது? கணக்குப் போட்டுப் பார்த்தேன். தார் 1 செ.மீ. விட்டமாக இருக்கும்போது கதிரின் ஒரு சுற்றுக்கு 3.14 செ.மீ. நூல் ஏறும். சக்கரம் ஒரு சுற்று வந்தால் 20 மடங்கு, 62.8 செ.மீ. தார் 2 செ.மீ. பருத்தால் அதே ஒரு சுற்றுக்கு 125.6 செ.மீ. ஏறும். அதாவது இரண்டு மடங்கு வேகம். பட்டு நூல் அறுந்தால் முடிச்சு போடணும், நேரம் போகும், அன்றைக்குக் கூலியும் குறையும். ஆயா சொன்னது 2 × π × ஆரம் என்கிற சூத்திரம்தான். ஆயாவுக்கு அந்தப் பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. தார் சுத்துகிற, பாவு பிணைக்கிற பிள்ளைகளைத்தான் "கணக்கு வராது, தறிக்குத்தான் லாயக்கு" என்று சொல்கிறார்கள். வீட்டிலும் சொல்கிறார்கள், வெளியிலும் சொல்கிறார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் கூடவே "பத்தாவது போதும்" என்றும் சொல்வார்கள். தறிக்கு லாயக்கு என்றால் கணக்குக்கும் லாயக்குதானே! கையில் தெரிந்ததைப் பேப்பரில் எழுதத் தெரியவில்லை என்பதற்காக ஒரு பிள்ளை படிப்பை விடலாமா?

ஆரியபட்டர் கி.பி. 499-இல், 23 வயதில், 20,000 விட்டமுள்ள வட்டத்துக்குப் பரிதி ஏறத்தாழ 62,832 என்று எழுதினார். வகுத்தால் 3.1416. நாம் போடும் 22/7-ஐ எங்கள் ராட்டைக்குப் போட்டால் அவர் கணக்குக்கும் நமக்கும் ஒரு மில்லிமீட்டர் கூட வித்தியாசம் வராது. நம் தமிழில் காரிநாயனார் எழுதிய கணக்கதிகாரத்திலும் வட்டத்தின் பரப்புக்கு வழி இருக்கிறது. பாதி பரிதியைப் பாதி விட்டத்தால் பெருக்கு என்கிறது அது. ஏன் அப்படி என்று தெரிய வேண்டுமா? ஒரு காகித வட்டத்தை மையத்திலிருந்து 16 துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் ஒரு வட்டக்கோணப்பகுதி. ஒன்றை நேராக, ஒன்றைத் தலைகீழாக மாற்றி மாற்றி அடுக்குங்கள். கிட்டத்தட்ட ஒரு செவ்வகம் வரும். நீளம் பாதி பரிதி, அகலம் ஆரம். பழைய அட்டையும் கத்தரிக்கோலும் இருந்தால் போதும், காசு செலவே இல்லை. (வட்டக்கோணப்பகுதியையும் வட்டத்துண்டையும் குழப்புகிறவர்கள் தோசையை நினைத்துக்கொள்ளவும். நடுவிலிருந்து முக்கோணம் மாதிரி பிய்த்தால் கோணப்பகுதி. ஓரமாக நேரே ஒரு வெட்டு வெட்டினால் துண்டு.)

வரையறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சைக்கிள் சக்கரத்துக் கம்பியை ஆரத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். கிட்டப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான சைக்கிளில் கம்பி மையத்திலிருந்து நேராகக் கிளம்பாது. நடுவில் இருக்கிற சின்ன வட்டத்தின் ஓரத்தைத் தொட்டாற்போல் சாய்ந்து கிளம்பும். மையத்தையும் பரிதியையும் இணைப்பது ஆரம் என்ற வரையறை தெரிந்தால்தான், அந்தக் கம்பி சரியான ஆரம் இல்லை, மாட்டுவண்டி ஆரக்கால்தான் சரி என்று சொல்ல முடியும். பார்த்த பிறகு வரையறை வந்தால் அது மறக்காது. பார்க்காமல் வந்தால் பரீட்சை முடிந்த மறுநாளே போய்விடும்.

கணக்கு ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த வாரம் ஒரு பீரியட் மைதானத்துக்குப் போவோம். ஒரு முளைக்குச்சி, 3 மீட்டர் கயிறு, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் போதும். வட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு பகுதியில் நிற்கிறோம். பிறகு குச்சியைப் பிடுங்கி, அந்த இடத்தையும் அழித்துவிடுங்கள். இரண்டு நாண் வரைந்து, இரண்டுக்கும் நடுவில் செங்குத்துக்கோடு போட்டு, மையத்தை நாங்களே கண்டுபிடித்துக் காட்டுகிறோம். உடைந்த வளையல் துண்டை வைத்தும் இதைச் செய்யலாம், நான் வீட்டில் செய்து பார்த்துவிட்டேன். ராட்டையையும் வேண்டுமென்றால் கொண்டு வருகிறேன், ஆயாவிடம் கேட்டுவிட்டேன். சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அது மட்டும்தான் கண்டிஷன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி